வடக்குப் பாதை டீசல்களுக்கு எந்த ஒலி டிகோடர்: லொக்சவுண்ட் 5, சுனாமி2, ஸிமோ எம்எஸ்

யாழ்தேவியை இழுத்த லொக்கோ ஒன்றை ஹெச்ஓ (1:87) அளவில் மொடலாகச் செய்து அதற்குள் ஒலி டிகோடர் (மோட்டரையும் சத்தத்தையும் இயக்கும் சின்னச் சிப்) போட நினைப்பவர் முதலில் கேட்கவேண்டியது ஒன்றுதான்: இந்தச் சிப்புக்குள் எந்த டீசல் எஞ்சினின் சத்தம் இருக்கிறது? விலையும் கம்பனிப் பெயரும் எத்தனை ஃபங்ஷன் (எஃப்1, எஃப்2 என்று பொத்தானால் இயக்கும் செயல்கள்) என்பதும் அதற்குப் பிறகுதான். இலங்கை ரயிலின் பெயர் போட்ட ஒலித்தொகுப்பைத் தேடி மினக்கெட வேண்டாம். எங்கள் லொக்கோக்களின் மூடிக்குள் இருக்கும் எஞ்சின்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஓடியவை, அல்லது அவற்றின் நெருங்கிய உறவுகள். அந்த உறவைச் சரியாகப் பிடித்தால் மாங்குளத்தில் பிளாட்ஃபோமில் நின்று கேட்கும் சத்தத்துக்கு மிகக் கிட்ட வரலாம். பிடிக்காவிட்டால் எவ்வளவு விலை கொடுத்தாலும் அது வேறு நாட்டு ரயில்தான்.

எங்கள் தீர்ப்பை முதலே சொல்லிவிடுகிறோம். (கீழே வரும் எம்2, எம்6 போன்றவை இலங்கை ரயிலின் லொக்கோ வகைகள்.) ஒன்றுக்கு மேற்பட்ட வகை லொக்கோ வைத்திருப்பவருக்கும் ஹோர்னை மாற்ற விரும்புபவருக்கும் இஎஸ்யு லொக்சவுண்ட் 5. கணினி வேலை வேண்டாம், ஒரு எம்2 அல்லது ஒரு எம்6 நன்றாகச் சத்தம் போட்டால் போதும் என்பவருக்கு சவுண்ட்ட்ராக்ஸ் சுனாமி2. எம்9 செய்பவரும், மோட்டர் மிக மெதுவாக ஊர்ந்து போகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருப்பவரும் ஸிமோ எம்எஸ் வரிசையைப் பார்க்கலாம். மூன்றும் வெளிநாட்டுச் சில்லறை விலையில் ஏறத்தாழ 100 டொலரைச் சுற்றி நிற்பவை. தபால் செலவும் சுங்கமும் அதற்கு மேலே. கடைக்குப் போய்க் கேட்டுப்பார்த்து வாங்கும் பொருள் இது இல்லை, பிழையாக வந்தால் திருப்பி அனுப்புவதும் வீண் செலவு. அதனால் ஓடர் போடுமுன் செய்யும் யோசனைதான் காசை மிச்சம் பிடிக்கும்.

எந்த லொக்கோவுக்கு எந்த எஞ்சின்

லாண்ட்மாஸ்டர் வயலில் நின்று ஓடும்போது அதன் ஒவ்வொரு வெடிப்பையும் காதால் எண்ணலாம். ஒரே சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ரயில் எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான், சிலிண்டர்தான் அதிகம். டூ ஸ்ட்ரோக் என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் சில டிகோடர்கள் காதில் பிழையாக விழுகின்றன என்பது உடனே விளங்கும்.

எம்2 கனடாவிலிருந்து 1954 முதல் வந்த ஜெனரல் மோட்டர்ஸ் ஜி12. அவற்றில் பல ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர் தாங்கியவை. உள்ளே 12 சிலிண்டர் ஈஎம்டி (ஜெனரல் மோட்டர்ஸின் லொக்கோப் பிரிவு) 567, டூ ஸ்ட்ரோக், டர்போ இல்லை. முழு வேகமான நிமிடத்துக்கு 835 சுற்றில் வினாடிக்கு 167 வெடிப்பு. எம்6 ஜெர்மனியின் ஹென்ஷெல் 1979இல் கட்டியது. உள்ளே 12 சிலிண்டர் ஈஎம்டி 645, அதுவும் டூ ஸ்ட்ரோக், அதற்கும் டர்போ இல்லை. 900 சுற்றில் வினாடிக்கு 180 வெடிப்பு. எம்7 இங்கிலாந்தின் பிரஷ் கம்பனி கட்டியதானாலும் உள்ளே 8 சிலிண்டர் ஈஎம்டி 645. அதே 900 சுற்றில் 120 வெடிப்புத்தான். எம்6க்குப் போட்ட சத்தத்தை அப்படியே எம்7க்குப் போட்டால் சின்ன லொக்கோவுக்குப் பெரிய குரல் வந்துவிடும்.

அல்கோ 251 குடும்பம் முற்றிலும் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக், டர்போ உண்டு. மொன்றியலில் கட்டிய எம்4க்கு 12 சிலிண்டர், 1000 சுற்றில் வினாடிக்கு 100 வெடிப்பு. வாரணாசியிலிருந்து வந்த எம்8க்கு 16 சிலிண்டர், அதே சுற்றில் 133. அதற்குப் பிறகு இந்தியாவிலிருந்து வந்த எம்10, எம்11 இரண்டும் இதே அல்கோ வழிதான். ஐட்லில் நிற்கும்போது அல்கோ ஒழுங்கில்லாமல் குலுங்கிக் குலுங்கி ஓடும். நொட்ச் (திரொட்டிலின் படி) கூட்டும்போது எஞ்சின் முதலில் ஏறும், டர்போவின் ஊதல் பின்னால் வரும், கரும்புகையும் அப்போதுதான். எம்2, எம்6 இரண்டிலும் அந்த ஊதல் கிடையாது. அவற்றில் கேட்பது புளோவரின் (எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) சீரான இரைச்சல்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எம்6க்கு 645 வேண்டும் என்று தெரிந்து, அமெரிக்கப் பட்டியலில் 645 என்று கண்டவுடன் வாங்குவார்கள். ஜிபி40, எஸ்டி40 போன்ற பிரபல லொக்கோக்களின் 645 என்பது 16 சிலிண்டர், டர்போ உள்ளது. அதைப் போட்டால் கிளிநொச்சியில் ஒருநாளும் கேட்காத விசில் ஒன்று எம்6இல் கேட்கும். எம்6க்குச் சரியான அமெரிக்க உறவுகள் எஸ்டபிள்யூ1500, எம்பி15டிசி என்ற ஷன்டிங் லொக்கோக்கள். இரண்டிலும் அதே 12 சிலிண்டர் டர்போ இல்லாத 645தான். எம்2க்கு எஸ்டபிள்யூ1200. எம்7க்கு எஸ்டபிள்யூ1000 அல்லது எஸ்டபிள்யூ1001. எம்4க்கு ஆர்எஸ்-11, அல்லது கனடாவின் எம்-420. எம்8க்கு 16 சிலிண்டர் 251 உள்ள ஆர்எஸ்டி-15 அல்லது சி-424. எம்2க்கு ஜிபி9இன் தொகுப்பைப் போடும் வழக்கம் இருக்கிறது. அது 16 சிலிண்டர் 567. தூரத்தில் கேட்க மோசமில்லை. ஐட்லில்தான் குரல் கொஞ்சம் தடிக்கும். 12 சிலிண்டர் கிடைக்கும்போது அதை விட்டு இதை எடுக்கக் காரணம் இல்லை.

எம்5 பற்றி எச்சரிக்கை தேவை. ஜப்பானின் ஹிட்டாச்சி கட்டிய இந்த லொக்கோக்களில் பிற்காலத்தில் வெவ்வேறு எஞ்சின்கள் மாற்றிப் போடப்பட்டன. எம்5 என்ற பெயரை வைத்து ஒலி வாங்க முடியாது. எந்த இலக்கம், எந்தக் காலத்து நிலை என்று முடிவுசெய்த பிறகே தொகுப்பைத் தேடவேண்டும்.

எம்9 பிரான்சின் அல்ஸ்தோம் கட்டியது, 12 சிலிண்டர் ரஸ்டன் ஆர்கே215. அமெரிக்கப் பட்டியலில் இதற்கு உறவே இல்லை. பிரித்தானியத் தொகுப்புகளில் 12 சிலிண்டர் ரஸ்டன் உள்ள கிளாஸ் 58ஐத் தேடுங்கள். அதன் சிலிண்டர் விட்டம் 254 மில்லிமீட்டர், ஆர்கே215க்கு 215. அதனால் இரட்டைப் பிள்ளை என்று சொல்லமாட்டோம். ஆனாலும் சிலிண்டர் எண்ணிக்கையும் குடும்பமும் ஒன்றுதான். அமெரிக்க எஞ்சின் ஒன்றைப் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

மூன்று டிகோடர்களும் கையில் எப்படி

லொக்சவுண்ட் 5இன் பலம் அதை வெறுமையாக்கி மீண்டும் எழுதலாம் என்பது. இன்றைக்கு எம்6ஆக இருக்கும் சிப்பை நாளைக்கு எம்8ஆக மாற்றலாம். ஒரே நேரத்தில் 10 சத்தங்கள் கேட்கும், 16 பிட் தரம். மோட்டருக்கு 1.5 அம்பியர் வரை கொடுக்கும். இஎஸ்யுவின் ஒலி நூலகத்தில் 567, 645, அல்கோ 251 எல்லாம் சிலிண்டர் எண்ணிக்கையோடு தனித்தனியாக இருக்கின்றன, இறக்குவதற்குக் காசில்லை. குறை என்னவென்றால் எழுதுவதற்கு லொக்புரோகிராமர் என்ற தனிப் பெட்டி வேண்டும், மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தப் பெட்டியின் விலை இன்னொரு டிகோடரைவிடக் கூட. தனியாளாக வாங்குவது நட்டம். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் இந்த வேலையில் இருப்பவர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் வைத்தால் ஆளுக்குப் பெரிய செலவில்லை, எல்லோருடைய லொக்கோவும் பயன்பெறும். அது முடியாதென்றால் சிப்பை விற்பவரிடமே தேவையான தொகுப்பின் பெயரைச் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். பல கடைகள் அதைச் செய்து தருகின்றன.

லொக்சவுண்டில் எங்களுக்கு மிகப் பிடித்தது ஓட்டும் முறை. அமெரிக்க டீசல் தொகுப்புகளில் இருக்கும் டிரைவ் ஹோல்ட் என்ற ஃபங்ஷனை அழுத்தினால் லொக்கோ இருந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, திரொட்டில் எஞ்சின் சத்தத்தை மட்டும் மாற்றும். ஓமந்தைக்கும் பரந்தனுக்கும் இடையில் பாதை கிட்டத்தட்டச் சமதரை. வண்டி நிலையத்திலிருந்து கிளம்பும்போது எஞ்சின் முழங்கும், வேகம் பிடித்த பிறகு சாரதி நொட்சைக் குறைத்து உருளவிடுவார். அந்தக் குறைந்த சத்தத்தோடு வேகமாகப் போகும் வண்டிதான் எங்கள் நிலத்தின் ரயில். மலைநாட்டு ரயிலுக்கு இது வேறு. டிரைவ் ஹோல்ட் பொதுவாக எஃப்9இல் இருக்கும். எஃப்10இல் லொக்கோவின் தனி பிரேக். சிவி4ஐ (சிவி என்பது டிகோடருக்குள் எழுதும் அமைப்பு எண், நான்காவது வேகம் குறையும் நேரத்துக்கு) உயர்த்தி வைத்து, பிரேக்கைப் பிடித்தே நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டால் பிறகு திரொட்டிலைச் சுழியாக்கி நிறுத்த மனம் வராது.

சுனாமி2 வேறு தத்துவம். சத்தங்கள் தொழிற்சாலையிலேயே பூட்டி வருகின்றன. வாங்குபவர் மாற்ற முடியாது, ஆனால் தெரிவு செய்யலாம். ஈஎம்டி பதிப்பு, அல்கோ பதிப்பு, ஜிஇ பதிப்பு என்று தனித்தனிச் சிப்புகள். பிழையான பதிப்பை வாங்கினால் திருத்த வழியில்லை. எம்4, எம்8க்கு அல்கோ, எம்2, எம்6, எம்7க்கு ஈஎம்டி. சிவி123இல் எஞ்சினையும் சிவி120இல் ஹோர்னையும் இலக்கம் போட்டு மாற்றலாம். இதற்கு எந்தத் தனிப் பெட்டியும் வேண்டாம், கையில் இருக்கும் திரொட்டிலே போதும். சத்தத்தின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. சமன்படுத்தியும் (ஈக்குவலைசர்) உள்ளே இருக்கிறது, சின்ன ஸ்பீக்கரின் கீச்சுத்தன்மையைக் குறைக்க அது நன்றாக உதவும். டிஎஸ்யு-1100 ஒரு அம்பியர், டிஎஸ்யு-2200 இரண்டு அம்பியர். பழைய மோட்டர் என்றால் இரண்டாவது.

ஸிமோ எம்எஸ் வரிசையின் மோட்டர் கட்டுப்பாடு இந்த மூன்றிலும் சிறந்தது என்பது எங்கள் துணிபு. மலிவான மோட்டரைக்கூட நடுக்கமில்லாமல் ஊர வைக்கும். ஐரோப்பிய, பிரித்தானியத் தொகுப்புகள் நிறைய. சில இலவசம், சிலவற்றுக்குக் காசு கட்டிச் சாவி வாங்கவேண்டும். ஆனால் அமெரிக்க டீசல் பக்கம் தெரிவு குறைவு என்பதால் எம்9க்கு வெளியே இதை முதல் தெரிவாகச் சொல்லமாட்டோம்.

இணைப்பு முள் விடயத்தில் நீண்ட பேச்சுத் தேவையில்லை. உங்கள் சேசியில் 21 முள் எம்டிசி என்ற இணைப்பு இருந்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் 8 முள், அல்லது வெறும் வயர். 21 முள் சிப் சுமார் 30க்கு 15.5 மில்லிமீட்டர். எம்7 போன்ற சின்ன மூடிக்குள் அது நுழையாவிட்டால் நெக்ஸ்ட்18 அளவு, சுமார் 25க்கு 10.5. சின்னச் சிப்புகள் மோட்டருக்குக் கொடுக்கும் மின்னோட்டமும் குறைவு என்பதை மறக்கவேண்டாம்.

ஸ்பீக்கர்: காசின் பாதி வேலை இங்கே

டிகோடரைப் பற்றி மணிக்கணக்காக ஆராய்ந்துவிட்டு, அதோடு வந்த சின்ன ஸ்பீக்கரை மூடிக்குள் அப்படியே தொங்கவிடுபவர்கள் இருக்கிறார்கள். இது கவலை தரும் விடயம். 11க்கு 15 மில்லிமீட்டர் ஸ்பீக்கரால் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே ஒழுங்காகச் சத்தம் தர முடியாது. மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: எம்6இன் வெடிப்பு முழு வேகத்திலேயே 180 ஹேர்ட்ஸ். எம்4இன் ஐட்ல் 40 ஹேர்ட்ஸுக்குப் பக்கம். அந்த அடித்தளச் சத்தம் ஹெச்ஓ லொக்கோவில் ஒருபோதும் வராது. நாங்கள் கேட்பது அதன் மேல்மடங்குகளை (இருமடங்கு, மும்மடங்கு அதிர்வெண்ணில் வரும் ஒலிகள்) மட்டும். மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். அந்த மேல்மடங்குகளையாவது எவ்வளவு கீழிருந்து பிடிக்க முடியுமோ அவ்வளவுக்கு எஞ்சின் கனமாகக் கேட்கும்.

அதற்கு இரண்டே வழி. மூடிக்குள் நுழையக்கூடிய மிகப் பெரிய ஸ்பீக்கர். காற்று ஒழுகாத பெட்டி. ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பெட்டி இல்லாவிட்டால் இரண்டும் சந்தித்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், முதலில் போவது தாழ்ந்த சத்தம்தான். ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டில் பெட்டி வெட்டி ஒட்டலாம், அல்லது முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். அச்சில் எடுத்தால் சுவர் குறைந்தது 1.2 மில்லிமீட்டர், உள்நிரப்பு முழுதாக. அடுக்குகளுக்கிடையில் நுண்ணிய துவாரம் இருக்கும் என்பதால் உட்பக்கம் ஒரு பூச்சு சுப்பர் குளூ அல்லது வார்னிஷ் கொடுங்கள். வயர் வெளிவரும் துளையை மறந்துவிடுவது வழக்கம். அந்தச் சின்னத் துளை ஒன்றே பெட்டியின் பயனைக் கெடுத்துவிடும், ஒரு பொட்டு சிலிக்கன் வைத்து அடையுங்கள். ஆழம் 3 மில்லிமீட்டரிலிருந்து 9 மில்லிமீட்டருக்குப் போனால் வித்தியாசம் எவர் காதுக்கும் தெரியும்.

ஸ்பீக்கர் மேலே பார்க்கட்டுமா கீழே பார்க்கட்டுமா என்பதற்கு எங்கள் பதில்: கூரையில் ரேடியேட்டர் விசிறிக் கம்பிவலை உண்மையாகத் திறந்திருந்தால் மேலே. அது வெறும் வார்ப்பாக இருந்தால் எரிபொருள் தாங்கிப் பக்கம் கீழே. மூடிய கூரையைப் பார்த்து முழங்கும் ஸ்பீக்கர் பிளாஸ்டிக்கைத்தான் அதிரவைக்கும். அந்த அதிர்வு நொட்ச் 5, 6இல் கிலுகிலுவென்று கேட்டால் மூடிக்கும் சேசிக்கும் இடையில் மெல்லிய ஃபோம் துண்டு வையுங்கள்.

ஓம் கணக்கு முக்கியம். லொக்சவுண்ட் 5 நான்கு ஓமிலிருந்து 32 ஓம் வரை ஏற்கும். சுனாமி2க்கு 8 ஓம். எட்டு ஓம் இரண்டைச் சமாந்தரமாகக் கட்டினால் 4 ஓம் ஆகிவிடும், அது சுனாமி2க்கு ஆகாது. நான்கு ஓம் இரண்டைத் தொடராகக் கட்டினால் 8 ஓம், பிரச்சினையில்லை. இரண்டு ஸ்பீக்கர் போடும்போது முனை மாறினால் ஒன்று வெளியே தள்ள மற்றது உள்ளே இழுக்கும், தாழ்ந்த சத்தம் காணாமல் போகும். 1.5 வோல்ட் பற்றரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டிலும் கூம்பு ஒரே திசையில் நகரவேண்டும்.

பொருத்தும்போது கெடுபவை

எங்கள் லொக்கோக்கள் பெரும்பாலும் கையால் செய்த அல்லது அச்சில் எடுத்த உடல், கீழே அமெரிக்க அல்லது பிரித்தானியச் சேசி. உண்மையான பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர், 1:87இல் 19.3 வரவேண்டும், ஆனால் கடையில் கிடைக்கும் சேசி 16.5க்குத்தான். அந்த விவாதத்துக்குள் போகவில்லை. சேசி எதுவானாலும் டிகோடரைச் சொருகுமுன் இரண்டு அளவு எடுங்கள். முதலாவது ஸ்டோல் மின்னோட்டம்: 12 வோல்ட் கொடுத்து, சக்கரத்தை ஒரு நொடி கையால் பிடித்து நிறுத்தி, மீட்டரைப் பாருங்கள். அது டிகோடரின் எல்லைக்குக் கீழே இருக்கவேண்டும். இரண்டாவது, மோட்டரின் இரண்டு முனைகளுக்கும் சேசி உலோகத்துக்கும் இடையில் தொடர்பு இருக்கவே கூடாது. அதர்ன் கம்பனியின் பழைய நீலப்பெட்டி லொக்கோக்களில் மோட்டரின் கீழ்க் கிளிப் நேராகச் சேசியில் பட்டிருக்கும். அதைத் தனிமைப்படுத்தாமல் மின் கொடுத்தால் சிப் அந்த நிமிடமே போய்விடும், உத்தரவாதமும் கைகொடுக்காது.

வயர் நிறம் எல்லாக் கம்பனியிலும் ஒன்றுதான்: சிவப்பு வலத் தண்டவாளம், கறுப்பு இடம், செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டர், நீலம் பொது, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. ஸ்பீக்கர் வயர் பெரும்பாலும் ஊதா, இஎஸ்யுவில் மண்ணிறம். எல்ஈடிக்கு ஒரு கிலோஓம் போதும் என்று எழுதியிருப்பார்கள். அது கண்ணைக் குத்தும் வெளிச்சம். 4.7 கிலோஓம் போட்டால் பழைய எம்2இன் மங்கல் விளக்கு வரும்.

வெப்பத்தைப் பற்றி வெளிநாட்டு விமர்சனங்களில் அதிகம் காணமாட்டீர்கள். தகரக் கூரைக்குக் கீழே வைகாசி மதியத்தில் மொடல் ஓட்டுபவருக்கு அது முதல் பிரச்சினை. டிகோடரைச் சுருங்குகுழாய்க்குள் முழுதாகப் போர்த்தவேண்டாம், சூடு வெளியேற வழியிருக்காது, சிப் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். லொக்கோ பத்து நிமிடம் ஓடி நின்று, ஆறியதும் மீண்டும் ஓடினால் காரணம் இதுதான். இரட்டைப்பக்க ஃபோம் டேப் ஒரு துண்டால் கீழே ஒட்டினால் போதும். உடலும் ஸ்பீக்கர் பெட்டியும் பிஎல்ஏயில் அச்சடித்தால் 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். பெட்ஜி அல்லது ரெசின் நல்லது.

சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் தூசி தண்டவாளத்தில் படிந்தால் முதலில் தெரிவது சத்தத்தில்தான். சாதாரண டிகோடர் ஒரு கணம் மின் இழந்தால் லொக்கோ சற்றுத் தயங்கும், அவ்வளவுதான். ஒலி டிகோடர் என்றால் எஞ்சின் அணைந்து மறுபடி தொடங்கும், நிலையத்தை விட்டுப் பாதி தூரம் போன யாழ்தேவி ஸ்டார்ட் எடுக்கும் சத்தம் போடும். அதனால் மின்சேமிப்புக் கொண்டன்சரை விருப்பத் தெரிவாக நினைக்காதீர்கள், டிகோடரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். இஎஸ்யுவுக்கு பவர்பாக், மூன்று வயர். சவுண்ட்ட்ராக்ஸுக்கு கரண்ட்கீப்பர். தண்டவாளத்தை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தோய்த்த துணியால் துடையுங்கள். இரும்புக் கம்பளி கிட்டவே வரக்கூடாது. அதன் நார்கள் ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிக் கூம்பை உரசும், பிறகு ஒவ்வொரு நொட்சிலும் கரகரப்புத்தான்.

ஓட்டுவதற்கு விலை உயர்ந்த கட்டளை நிலையம் (தண்டவாளம் வழியாக டிகோடருக்குக் கட்டளை அனுப்பும் பெட்டி) தேவையில்லை. ஆர்டுயினோ மெகாவும் மோட்டர் ஷீல்டும் வைத்து டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளில் அதை அமைத்தால் ஒலி டிகோடர்கள் நன்றாக ஓடும். கணினியில் ஜேஎம்ஆர்ஐ மென்பொருளைப் போட்டால் சிவி எழுதுவதும் எளிது. ஷீல்டுக்கு 15 வோல்ட் கொடுப்பதானால் அதில் விஇன் (Vin) இணைப்புத் தடத்தை வெட்டிவிட்டு ஆர்டுயினோவுக்குத் தனி மின் கொடுக்கவேண்டும். வெட்டாவிட்டால் ஆர்டுயினோ கருகும். டிசிசி-இஎக்ஸால் லொக்சவுண்டுக்குப் புதிய ஒலியை ஏற்ற முடியாது, அதற்கு லொக்புரோகிராமர்தான்.

ஹோர்னும் முதல் நாள் அமைப்பும்

எஞ்சின் எவ்வளவு சரியாக இருந்தாலும் ஹோர்ன் அமெரிக்காவில் நின்றால் எல்லாம் போச்சு. அமெரிக்கத் தொகுப்புகளில் வரும் நேதன் ஐந்துகுரல் ஹோர்ன் பரந்தன் கடவையில் கேட்பதல்ல. சுனாமி2இல் சிவி120ஐ ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டு, குரல் எண்ணிக்கை குறைந்த ஒன்றைத் தேர்வதே ஒரே வழி. லொக்சவுண்டில் நீங்களே பதிந்ததைப் போடலாம், இதற்காகவே நாங்கள் அதை முதலாம் இடத்தில் வைக்கிறோம். பாதை ஏ9 வீதிக்குப் பக்கத்திலேயே நீண்ட தூரம் ஓடுவதால் பதிவுக்கு இடம் தேர்வது முக்கியம். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட நிற்கும் பஸ்களின் எஞ்சின் எல்லாம் ஒலியில் ஏறும். புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் வீதியை விட்டு விலகிய ஒரு கடவை, காற்றில்லாத விடியல், தண்டவாள எல்லைக்கு வெளியே. ஒலிவாங்கிக்குக் காற்றுறை போடுங்கள், தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டை அணையுங்கள். அதை அணைக்காவிட்டால் ஹோர்ன் அடிக்கும்போது மட்டம் தானே கீழிறங்கி, பிறகு பூச்சிச் சத்தம் மேலேறும்.

பதிந்ததை மூன்றாக வெட்டவேண்டும்: தொடக்கம், அழுத்தியிருக்கும்வரை சுழலும் நடுப்பகுதி, முடிவு. நடுப்பகுதியின் இரண்டு முனையும் அலை சுழியைக் கடக்கும் இடத்தில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுழற்சியிலும் டிக் என்று கேட்கும். லொக்கோ நகர நகரக் குரலின் உயரம் மாறும், அதனால் நிற்கும் வண்டியின் ஹோர்ன்தான் சுழற்சிக்குப் பொருந்தும். நிலையத்தை விட்டுக் கிளம்புமுன் அடிப்பதைப் பதியுங்கள். மணியை அணைத்துவிடுங்கள், அது அமெரிக்கக் கடவைக்குரியது. பிரேக் விடும்போது வரும் நீண்ட காற்றுச் சத்தத்தையும் குறைக்கலாம். எங்கள் ரயில் பெட்டிகள் பெரும்பாலும் வெற்றிட பிரேக் உள்ளவை, லொக்கோவுக்குள் எக்ஸோஸ்டர் (வெற்றிடம் உண்டாக்கும் பம்பு) ஓடும் சத்தமே நிலையத்தில் அதிகம் கேட்பது.

முதல் தடவை தண்டவாளத்தில் வைத்ததும் லொக்சவுண்ட் பேசாமல் நிற்கும். பழுதில்லை, எஃப்8ஐ அழுத்துங்கள். சுனாமி2 மின் வந்தவுடனேயே சத்தம் போடும், அதில் எஃப்8 அமைதியாக்கும். நேரான சமதரைப் பாதையில் லொக்சவுண்டின் சிவி54இல் 0 எழுதி எஃப்1ஐ அழுத்தினால் லொக்கோ முழு வேகத்தில் பாய்ந்து தன் மோட்டரைத் தானே அளந்துகொள்ளும். முன்னால் இரண்டு மீட்டர் வெறுமையாக இருக்கட்டும்.

வொலியூம் தொழிற்சாலையிலிருந்து எப்போதும் அளவுக்கு அதிகமாகவே வரும். 1:87இல் ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது உண்மையில் 87 மீட்டர் தூரம். அவ்வளவு தள்ளி நிற்பவருக்கு ஐட்ல் மெல்லிய உறுமல் மட்டுமே. லொக்சவுண்டில் மொத்த வொலியூம் சிவி63, வரும்போது 180. 60, 70க்கு இறக்குங்கள். சுனாமி2இல் சிவி128, ஸிமோவில் சிவி266. பிறகு எஞ்சினையும் ஹோர்னையும் தனித்தனியாகச் சரிசெய்யவேண்டும், ஹோர்ன் எஞ்சினைவிட நன்றாகவே உரத்திருக்கவேண்டும். சுனாமி2இல் ஹோர்ன் சிவி129, எஞ்சின் சிவி131. லொக்சவுண்டில் முதலில் சிவி31இல் 16, சிவி32இல் 1 எழுதிவிட்டு, எஞ்சினுக்கு சிவி259ஐ மாற்றுங்கள். அடுத்தடுத்த ஒலி இடங்கள் எட்டெட்டாக ஏறும்: 267, 275, 283. சிவி31, 32ஐ எழுதாமல் 259ஐ மாற்றினால் அந்த எண் வேறு பக்கத்தில் போய் விழும், ஃபங்ஷன்கள் குழம்பும். அப்படி ஆகிவிட்டால் சிவி8இல் 8 எழுதி மின்னை ஒருமுறை அணைத்துப் போட்டால் ஏற்றிய தொகுப்பின் தொடக்க நிலைக்குத் திரும்பும், ஒலி அழியாது.